யார் வரவில்லை? – ‘உப்பங்கழிச் சபை’ தொடர், அத்தியாயம் 6

சென்ற வாரம் 1745-இல் நிறுத்தியிருந்தோம். ஆரோன் ஐயர் கண்மூடிய ஆண்டு அது. கடலூரில் ஆறுமுகமாகப் பிறந்து, 1718-இல் மிஷனரி சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் பெற்று ஆரோன் ஆனவர். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் குருப்பட்டம் பெற்றார். புரொட்டஸ்டண்டு சபையில் அந்தப் பட்டத்தைப் பெற்ற முதல் தமிழர் அவர்தான். கடல் கடந்து வந்த வெள்ளைக்கார ஐயர்மார் ஒவ்வொருவராகக் காய்ச்சலுக்கும் கழிச்சலுக்கும் பலியாகிக்கொண்டிருந்த காலத்தில், ஊர் ஊராக நடந்து சபையைத் தாங்கிய மனிதர். அவரும் போன பிறகு இந்தச் சபை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என்ற கேள்வியோடு சென்ற வாரம் பிரிந்தோம்.

பதில் தரங்கம்பாடியில் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு சென்னையில் பீரங்கிக் குண்டு விழுந்தது. அப்போது சிதறிய ஒரு சிறு கூட்டம் வடக்கே, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தின் கடைக்கோடியில் உள்ள பழவேற்காட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. பதில் அங்கேதான் இருக்கிறது.

1746 செப்டம்பர். பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்கள் சென்னைக்கு எதிரே நங்கூரம் இறக்கின. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆளுநர் நிக்கோலஸ் மோர்ஸ். சண்டை என்று சொல்வதற்கு அங்கே அதிகம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று நாள் குண்டு வீச்சு, பிறகு சரணாகதி. பிரெஞ்சு நாள்காட்டியில் அது செப்டம்பர் 21. ஆங்கிலேயர் அப்போது பழைய நாள்காட்டியை வைத்திருந்ததால் அவர்கள் ஏட்டில் செப்டம்பர் 10. புதுச்சேரியில் ஆனந்தரங்கம் பிள்ளை தம் நாட்குறிப்பில் அந்த நாட்களின் செய்திகளை ஒன்று விடாமல் எழுதி வைத்தார்.

11 லட்சம் பகோடா கொடுத்தால் நகரத்தைத் திருப்பித் தருவதாக லபூர்தொனே ஒப்பந்தம் செய்தார். புதுச்சேரி ஆளுநர் டூப்ளேக்கு அது பிடிக்கவில்லை. இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் முட்டிக்கொண்டிருக்கும்போதே அக்டோபரில் பெரும் புயல் வந்து பிரெஞ்சுக் கப்பல்களைச் சிதறடித்தது. லபூர்தொனே போய்விட்டார். அக்டோபர் 24 அன்று அடையாற்றங்கரையில் ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ்கானின் பெரும்படையை ஒரு சின்ன பிரெஞ்சுப் படை ஓட விரட்டியது. ஒப்பந்தத்தை டூப்ளே தூக்கி எறிந்தார். கோட்டையிலிருந்த ராபர்ட் கிளைவ் என்ற இளம் எழுத்தர் மாறுவேடத்தில் தப்பிக் கடலூர்ப் பக்கம் ஓடினார்.

இதெல்லாம் பள்ளிப் புத்தகத்தில் வரும் கதை. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த வரி. கோட்டைச் சுவரை ஒட்டி வடக்கே கறுப்பர் நகரம் இருந்தது. இன்று உயர்நீதிமன்றம் நிற்கிற இடம் அது. நெசவாளிகள், தரகர்கள், படகோட்டிகள், சமையற்காரர்கள், கூலிக்காரர்கள், எல்லாரும் அங்கேதான் நெருக்கியடித்து இருந்தார்கள். கோட்டையைக் காக்கத் திறந்த வெளி வேண்டும் என்று சுவரை ஒட்டிய வீடுகளை இடிக்க ஆரம்பித்தார்கள் பிரெஞ்சுக்காரர்கள். இடிபட்டது யாருடைய வீடு என்று அவர்கள் கேட்கவில்லை.

சென்னை மிஷனுக்கு அப்போது இருபது வயது. 1726-இல் பெஞ்சமின் சூல்ட்சே தரங்கம்பாடியிலிருந்து வந்து தொடங்கியது. தமிழ், தெலுங்கு, போர்த்துகீசியம் என்று மூன்று மொழி புழங்கிய சபை. 1743-இல் அவர் ஜெர்மனிக்குத் திரும்பியபின் பொறுப்பு யோஹான் பிலிப் பப்ரிசியஸ் கையில் இருந்தது. வயது 35. முதலில் சட்டம் படித்துப் பிறகு வேதசாஸ்திரத்துக்கு வந்தவர். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளாதவர். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் இருக்கும் பள்ளியைத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பெயராவது தெரிந்திருக்கும். பின்னாளில் தமிழ் லுத்தரன் சபைகள் பொன்னைப்போல வைத்துப் போற்றிய வேதாகம மொழிபெயர்ப்பு அவருடையது. அவர் புதிய ஏற்பாடு 1772-இல் அச்சேறியது, அகராதி 1779-இல். அதே மனிதர் முதுமையில் கடன்காரர் சிறையில் கிடந்தார் என்பதும் உண்மை. அது எப்படி நடந்தது என்பதைப் பின்னால் ஒரு அத்தியாயத்தில் சொல்லியாக வேண்டும். இப்போதைக்கு அவர் கையில் ஒன்றும் இல்லை. நகரம் அந்நியர் கையில். பாதுகாத்த அரசாங்கம் ஓடிப்போயிற்று. கூடும் இடம் போயிற்று. பள்ளிப் பிள்ளைகளும் சபையாரும் திசைக்கு ஒருவராகச் சிதறிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு சபையிலிருந்து கட்டடம், கொடி, பணம் மூன்றையும் ஒரே மாதத்தில் உருவிவிட்டால் மீதி என்ன?

*

பப்ரிசியஸ் வடக்கே போனார். சபையாரில் ஒரு பகுதியும் அவரோடு போயிற்று. பழவேற்காட்டில் பறந்தது டச்சுக் கொடி. பிரெஞ்சுக்காரர்கள் அதைத் தொடவில்லை. சென்னையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பக்கிங்ஹாம் கால்வாய் எல்லாம் அதற்கு அறுபது ஆண்டுக்குப் பிறகு வந்தது. கொசஸ்தலையாற்றைக் கடக்காமல் அந்த ஊரை எட்ட முடியாது. இன்று அந்தத் தடத்தில் எண்ணூர் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் நிற்கின்றன. கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் சாலை. அன்று மணலும் முள்ளும் உவர்நிலமும்தான். துணி மூட்டை, பிள்ளை குட்டி, ஓலைச்சுவடி, தரங்கம்பாடியில் அச்சான வேதப் புத்தகம். ஒரு சபை சுமந்துகொண்டு நடக்கக்கூடியது அவ்வளவுதான்.

பழவேற்காட்டுக்கு நான் பலமுறை போயிருக்கிறேன். பொன்னேரியில் ரயில் இறங்கி, பஸ் பிடித்து, கோட்டைமேட்டை அடைந்ததும் முதலில் டச்சுக் கல்லறைக்குத்தான் கால் போகும். வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. ஒன்றின் அருகே மணற்கடிகை. உள்ளே கருங்கல் பலகைகள். 1600-களின் எழுத்து, குலச்சின்னம், பூவேலை. தமிழ்க் கல்தச்சர் உளி தொட்ட வேலை என்று பார்த்தவுடன் தெரியும். டச்சு எழுத்துக்களின் ஓரத்தில் நம் கோயில் தூண் கொடிகள் எட்டிப் பார்க்கும். தொல்லியல் துறை வேலி போட்டுக் காக்கிறது. ஆடுகள் வேலிக்கு வெளியே மேய்கின்றன. வருகிறவர்கள் எலும்புக்கூட்டோடு செல்பி எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

இந்தக் கற்களுக்கு அடியில் கிடப்பவர்களும் ஒரு திருச்சபைதான். அதை மறந்துவிடக் கூடாது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டி முடித்தார்கள். ஜெல்டிரியா என்று பெயர். அப்போதைய டச்சு இயக்குநரின் சொந்த மாகாணத்தின் பெயர் அது. 1690 வரை சோழமண்டலக் கரை முழுவதற்கும் இதுவே அவர்கள் தலைமையிடம். துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள். பஞ்சம் வந்த ஆண்டுகளில் பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்ற மக்களை வாங்கிக் கப்பலில் பத்தாவியாவுக்கு ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கில். ஞாயிறுதோறும் அந்தக் கோட்டையில் ஆராதனையும் நடந்தது. சம்பளம் வாங்கும் போதகர் இருந்தார்.

அந்தப் போதகர்களில் ஒருவர் ஆபிரகாம் ரொஜேரியஸ். 1632 முதல் 1642 வரை பத்து ஆண்டு இங்கே இருந்தார். நல்ல மனிதர், கூர்மையான அறிவு. பத்மநாபன் என்ற பிராமணரோடு உட்கார்ந்து பேசிப் பேசி இந்து சமயத்தைப் பற்றி எழுதிய அவருடைய புத்தகம், அவர் இறந்தபின் 1651-இல் லெய்டனில் அச்சாயிற்று. பர்த்ருஹரியின் சுலோகங்கள் ஐரோப்பிய மொழி ஒன்றுக்கு முதல்முறை போனது அதன் வழியாகத்தான். பழவேற்காட்டுத் திண்ணையில் நடந்த உரையாடல் ஐரோப்பாவின் அறிவாளிகள் மேசைக்குப் போயிற்று. ஆனால் அந்த உரையாடல் நடந்த மொழி போர்த்துகீசியம். அவர் பிரசங்கம் செய்ததும் டச்சு, போர்த்துகீசியம் இரண்டில்தான். மதிலுக்கு வெளியே வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்களின் மொழி அந்த ஆராதனைக்குள் நுழையவே இல்லை.

1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. டச்சுக் கம்பெனி போனதும் அதன் சபையும் போயிற்று. ஒரு குடும்பம், ஒரு பாட்டு, ஒரு ஜெபம்கூட மிச்சமில்லை. கோட்டை இருந்த இடம் இன்று முட்செடி மூடிய மேடு. கல்லறை மட்டும் அழகாக இருக்கிறது.

என் மனத்தில் பட்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். இருநூறு ஆண்டு போதகரும் சம்பளமும் பாதுகாப்பும் இருந்த ஒரு சபை இப்படித் தடமில்லாமல் போனதற்கு, ரொஜேரியஸ் நல்லவரா கெட்டவரா என்பது காரணமே இல்லை. அந்தச் சபைக்கு ஊரில் யாரையும் தெரியாது. கப்பலில் ஏற்றப்பட்ட தாய் யார், பிள்ளை யார் என்று அது கேட்டிருந்தால் கம்பெனியோடு மோத வேண்டி வந்திருக்கும். கேட்கவில்லை.

*

அதே பழவேற்காட்டில் இன்னொரு சபை உண்டு. மகிமை மாதா கோயில். போர்த்துகீசியர் காலத்தில், 1515-இல் தொடங்கியது என்பது மரபு. டச்சுக்காரர்கள் வந்தபோது இதன் புரவலர்கள் ஓடிப்போனார்கள். புது எஜமானர்களுக்குக் கத்தோலிக்கம் என்றாலே ஆகாது. கணக்குப்படி பார்த்தால் முதலில் அழிந்திருக்க வேண்டியது இதுதான். ஆனால் இன்றும் திருவிழாவுக்குக் கொடியேறுகிறது, தேர் வருகிறது, சென்னையிலிருந்தும் ஆந்திரக் கரையிலிருந்தும் ஜனம் வந்து குவிகிறது. வேறு மதத்துக்காரர்களும் நேர்ந்துகொண்டு வருகிறார்கள்.

ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்திருந்தேன். மீன் விற்றுவிட்டு வந்த ஒரு அம்மாள் காலிக் கூடையை வாசலுக்கு வெளியே கவிழ்த்து வைத்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்தார். செபமாலை நடந்துகொண்டிருந்தது. சாமியார் இல்லை. ஒரு பெண்மணி முன்னால் சொல்ல மற்றவர்கள் பின்னால் சொன்னார்கள். முடிந்ததும் யாரும் உடனே எழுந்து போகவில்லை. கூடைக்காரம்மாவிடம் ஒருத்தி, “உங்க மருமவ ரெண்டு நாளா காணலியே, உடம்புக்கா?” என்று கேட்டாள். அன்பியக் கூட்டம் எந்த வீட்டில் என்று இன்னொருத்தி விசாரித்தாள். இருபது முப்பது வீடு சேர்ந்தால் ஒரு அன்பியம். பங்குச் சாமியாருக்குத் தெரியும் முன்பே அந்த இருபது வீட்டுக்கும் தெரிந்துவிடும், யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று.

பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. ‘பாடு’ என்று பெயர். நல்ல மீன் விழும் இடங்களை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. சீட்டுப் போட்டு, முறை வைத்து, இன்றைக்கு நீ, நாளைக்கு நான் என்று பங்கு போகும். பெரும்பாலும் இந்து மீனவர்கள் நடத்தும் ஏற்பாடு அது. ஒரு திருச்சபைக்கு ஒழுங்குமுறை எழுத வேண்டும் என்றால் நான் முதலில் அந்த ஏரிக்கரைக்குத்தான் போவேன். எவன் முறை தவறிப் போயிற்று என்று ஊரே கவனிக்கிறது.

1746-இல் வந்த அகதிச் சபைக்கு ஆக இரண்டு அண்டைவீட்டார். ஒரு பக்கம் கோட்டைக்குள் கொடி நிழலில் இருந்த சபை. இன்னொரு பக்கம் கொடி போன பிறகும் இருந்த சபை. பப்ரிசியஸுக்கு அடைக்கலம் கொடுத்தது முதல் வீடு. அவர் இரண்டாவது வீட்டைப்போல வாழ்ந்தார் என்று நான் சொன்னால், லுத்தரன் நண்பர்களும் கத்தோலிக்க நண்பர்களும் சேர்ந்தே கோபித்துக்கொள்வார்கள். இருந்தாலும் அதைத்தான் சொல்கிறேன்.

*

மூன்று ஆண்டு. அந்த மூன்று ஆண்டில் பெரிய காரியம் ஒன்றும் நடக்கவில்லை. சரித்திரக்காரர்கள் ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்: போரின்போது பழவேற்காட்டில் தங்கினார், 1749-இல் திரும்பினார். இந்த மிஷனரிகளின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் ஜெர்மனியில் ஹாலே நகரத்துக்குப் போய் ஆண்டுதோறும் அச்சாகிக்கொண்டிருந்தன. அவற்றில் வெற்றி முழக்கம் இல்லாத பக்கங்கள்தான் எனக்குப் பிடித்தவை. இன்னார் வீட்டுக்குப் போனோம், இன்னார் நோயாகக் கிடக்கிறார், இந்தப் பெண்ணுக்கு வேதபாடம் சொன்னோம், அந்தப் பையன் பள்ளிக்கு வரவில்லை.

வேலை எப்படி நடந்தது என்று பாருங்கள். தரங்கம்பாடி மரபில் சபையின் முதுகெலும்பு உபதேசியார். வெள்ளைக்கார ஐயர் ஒருவர் இருந்தால் உபதேசியார்கள் பலர். சம்பளம் சொற்பம். வீடு வீடாகப் போவார்கள். வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள். திரும்பி வந்து யாரைப் பார்த்தோம், யாரைக் காணவில்லை என்று ஐயரிடம் ஒப்பிப்பார்கள். பள்ளிக்கூடம் என்றால் மணல்தான் சிலேட்டு. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து விரலால் மணலில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் படிப்பார்கள். மணலுக்குப் பழவேற்காட்டில் பஞ்சமில்லை. கட்டடம் போனதால் இந்த இரண்டில் ஒன்றுகூட நிற்க வேண்டியதில்லை. உபதேசியாருக்குக் கால் வேண்டும், பிள்ளைகளுக்கு மணல் வேண்டும். இரண்டும் இருந்தன.

மூன்றாவதாக மொழி. ரொஜேரியஸ் செய்யாததை இவர்கள் செய்தார்கள். சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இலேயே அச்சாகிவிட்டது. தமிழில் ஜெபம், தமிழில் பிரசங்கம், தமிழில் பாட்டு. பப்ரிசியஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழாக்கிக்கொண்டே இருந்தவர். அவற்றில் பலவற்றை லுத்தரன் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள். புத்தகம் எரிந்தாலும் மனப்பாடமான பாட்டு எரியாது. ஊரைவிட்டு ஓடுகிற ஜனத்துக்கு இதன் அருமை தெரியும்.

குறையை மறைக்கக் கூடாது. அந்தச் சபைக்குள்ளும் சாதி உட்கார்ந்திருந்தது. தரங்கம்பாடிக் கோயிலில் சாதிவாரியாகத் தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரே கிண்ணத்தில் நற்கருணை எடுப்பதே சண்டைக்குக் காரணமாயிற்று. ஆரோனைக் கொண்டாடும் நாம் இதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தப் புண் இன்றைக்கும் ஆறவில்லை. சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் நிற்கிறது. யார் வரவில்லை என்று தேடுகிற சபை, வந்தவரை எங்கே உட்கார வைக்கிறது என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

*

பழவேற்காட்டிலிருந்து மேற்கே திரும்பி, வடக்கே ஏறினால் கும்மிடிப்பூண்டி. சிப்காட். இரும்பு உருக்காலைகள், ரோலிங் மில், ரசாயனம், டயர். புறநகர் ரயில்கள் பல இங்கேயே நின்று திரும்பும். காலை ஷிப்டுக்கு இறங்கும் கூட்டத்தில் ஒடியா, இந்தி, வங்காளி, தெலுங்கு, திருநெல்வேலித் தமிழ் எல்லாம் கேட்கும். அதற்குப் பக்கத்திலேயே, 1990 முதல், இலங்கைத் தமிழர் முகாம்; மாநிலத்தின் பெரிய முகாம்களில் ஒன்று. 2021 முதல் அதை மறுவாழ்வு முகாம் என்று அழைக்கிறோம். முப்பது ஆண்டுக்கு மேல் ஒரு ஜனம் அங்கே ‘தற்காலிகமாக’ வாழ்கிறது. பழவேற்காட்டின் மூன்று ஆண்டைப் பத்தால் பெருக்கிப் பாருங்கள்.

அந்தப் பக்கம் ஒரு லைன் வீட்டில் ஞாயிறு ராத்திரி எட்டரை மணிக்குக் கூடும் ஜெபத்துக்குப் போயிருந்தேன். காலையில் கூட முடியாது. ஷிப்டு ஞாயிறு பார்க்காது. பத்துக்குப் பத்து அறை. வாசலில் செருப்புக் குவியல். அதில் இரும்புத் துகள் ஒட்டிய சேப்டி ஷூ நாலு ஜோடி. உள்ளே இருபதுக்கும் மேற்பட்டவர்கள். சுவரோரம் கேஸ் அடுப்பு, அதன்மேல் ஒரு சில்வர் தட்டு கவிழ்த்து, அதன்மேல் வேதப் புத்தகம். பாதிப் பேர் தூத்துக்குடி, நாசரேத் பக்கம். மூன்று இளைஞர்கள் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள், தமிழ் அரைகுறை. மூன்றாவது பாட்டை அவர்கள் தங்கள் மொழியில் பாடினார்கள். நாங்கள் கைதட்டித் தாளம் போட்டோம்.

பாட்டு முடிந்ததும் வீட்டுக்கார அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது போன்ற கோடு போட்ட நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, அதற்குக் கீழே பெயர்கள். வந்தவர்கள் பெயர் என்று நினைத்தேன். இல்லை. வராதவர்கள் பெயர். பக்கத்திலேயே காரணம்: நைட் ஷிப்டு. ஊருக்குப் போயிருக்கான். காய்ச்சல். ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுதவில்லை.

“இந்தத் தம்பி ரெண்டு வாரமா வரல. யாருக்காவது தெரியுமா?”

யாருக்கும் தெரியவில்லை. ஜார்க்கண்டுப் பையன்களில் ஒருவன் மெதுவாகச் சொன்னான்: மெஷினில் கை மாட்டி இரண்டு விரல் போய்விட்டது, கான்ட்ராக்டர் பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பப் பார்க்கிறான், ரூமில்தான் கிடக்கிறான். அறை அமைதியாயிற்று. அக்கா ஜெபம் சொல்லவில்லை. “எந்த ரூம்?” என்றுதான் கேட்டார். அன்று பிரசங்கம் நடக்கவில்லை. நாலு பேர் எழுந்து சேப்டி ஷூவை மாட்டிக்கொண்டு போனார்கள். ஒருவர் தொழிற்சங்கத்தில் தெரிந்தவருக்கு போன் போட்டார். விபத்துக்கு இழப்பீடு கேட்க ஈஎஸ்ஐ கார்டு இருக்கிறதா என்று விசாரித்தார்கள். அடிபட்ட பையன் கிறிஸ்தவனே இல்லை என்பது எனக்குத் திரும்பி வரும் வழியில்தான் தெரிந்தது. பாட்டுக்காகவும், ஜெபம் முடிந்து கிடைக்கும் சுடுசோற்றுக்காகவும் இரண்டு மாதமாக வந்துகொண்டிருந்தவன்.

சுடுசோற்றுக்கும் கணக்கு உண்டு. தெற்கத்திச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு காணிக்கை. உலை வைக்கும்போது தாய்மார் ஒரு பிடி அரிசியைத் தனியே ஒரு டப்பாவில் போடுவார்கள். வாரக் கடைசியில் அது சபைக்கு வரும். அந்த அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. கும்மிடிப்பூண்டி லைன் வீடுகளில் ஏழு எட்டு டப்பாக்கள் சேர்ந்தால் ஞாயிறு ராத்திரிச் சோறு. பெரிய சபைகள் பெரிய ஒலிபெருக்கியும் எல்.ஈ.டி. திரையும் வாங்குவதற்கு நான் எதிரி இல்லை. அந்த நோட்டும் இந்த டப்பாவும் இல்லாமல் அவற்றை வாங்குகிற சபையைப் பார்த்தால் மட்டும் எனக்கு ஜெல்டிரியாக் கோட்டை ஞாபகம் வருகிறது.

*

1748-க்குத் திரும்புவோம். ஆங்கிலேயத் தளபதி பாஸ்காவன் பெருங்கடற்படையோடு வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். முற்றுகை நடந்துகொண்டிருந்த அதே செப்டம்பரில், புதுச்சேரியில் வேதபுரீஸ்வரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். பக்கத்திலிருந்த சேசுசபைக் குருமார் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அது. ஆனந்தரங்கம் பிள்ளை அதை எழுதியிருக்கும் பக்கங்களைக் கண் கலங்காமல் படிக்க முடியாது. கிறிஸ்தவனாக இருந்து அதைப் படிக்கிறவனுக்குத் தலை குனிந்துதான் போகும். படை கையில் இருக்கும்போது ஒரு சபை செய்யக்கூடிய காரியம் அது. அதே வாரங்களில் வடக்கே 200 கிலோமீட்டருக்கு அப்பால், படையும் இல்லாமல் கட்டடமும் இல்லாமல், இன்னொரு சபை மணலில் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொண்டிருந்தது.

புதுச்சேரி விழவில்லை. மழை வந்தது, முற்றுகை கலைந்தது. அதற்குள் ஐரோப்பாவில் ராஜாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்: 1748 அக்டோபரில் சமாதானம். சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்ப வேண்டும் என்பது அதில் ஒரு வரி. அந்த வரி கப்பலேறி இங்கே வந்து, 1749 ஆகஸ்டு கடைசியில்தான் கோட்டையில் மீண்டும் ஆங்கிலக் கொடி ஏறியது.

செய்தி பழவேற்காட்டை எட்டியது. மூட்டை கட்டும் நேரம். போன வழியே திரும்ப வேண்டும். கொசஸ்தலையாறு, எண்ணூர், திருவொற்றியூர். ஆனால் எங்கே போய் இறங்குவது? கறுப்பர் நகரத்தில் பழைய இடம் இல்லை.

இங்கேதான் கதை திரும்புகிறது. கோட்டைக்குத் திரும்பிய ஆங்கிலேயர்களின் கோபம் பிரெஞ்சுக்காரர்களோடு நிற்கவில்லை. சென்னைக் கத்தோலிக்கக் குருமார் டூப்ளேக்கு உதவினார்கள் என்று சந்தேகப்பட்டு அவர்களை வெளியேற்றினார்கள். கோட்டைக்குள் இருந்த அவர்களுடைய கோயிலைத் தரைமட்டமாக்கினார்கள். நகரத்துக்கு வெளியே, வேப்பேரியில், மரங்களுக்கு நடுவே ஒரு சிறு கோயில் மட்டும் இடிபடாமல் நின்றது. அதைப் பப்ரிசியஸின் சபைக்குக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை எழுந்தது.

மூன்று ஆண்டு கூரையில்லாமல் இருந்த ஜனத்துக்குக் கூரை. யாருக்குத்தான் ஆசை வராது?

ஆனால் அந்தக் கோயிலுக்கு உரிமை கொண்டாட ஒருவர் சென்னையில் உயிரோடு இருந்தார். சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவர். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டைப் போட்டவர். பிரெஞ்சுக்காரர்களுக்குப் பணிய மறுத்ததால் சொத்தைப் பறிகொடுத்தவர். ஆங்கிலேயர்களுக்காகவே எல்லாம் இழந்து நின்ற அந்த ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான், இப்போது அதே ஆங்கிலேயர்களிடம் சொன்ன பேச்சின் சாரம் இதுதான்: அந்தக் கோயில் என் சொந்தப் பணத்தில் கட்டியது, அதை எடுத்துக் கொடுக்க நீங்கள் யார்?

பப்ரிசியஸ் பழவேற்காட்டிலிருந்து புறப்பட்டுவிட்டார்.

(தொடரும்)